செவுள் இல்லாத மீன்

கடற்கரை ஊரில் பிறந்தவர்களுக்கு மீன் வாங்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். எங்கள் இல்லத்திலோ அதற்கென்றே ஓர் ஆசிரியை உண்டு. என் மாமியார்தாம் அவர். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவர்கள், இளமையில் ஓலைப்பெட்டியைத் தலையில் சுமந்து தூத்துக்குடித் தெருக்களில் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். இன்றும் வாசலில் மீன் வந்து இறங்கினால், அத்தையின் நான்கு சோதனைகளில் தேறாமல் அது எங்கள் அடுப்படிக்குள் நுழைய முடியாது.

முதற்சோதனை கண். மீனின் கண் தெளிந்து, சற்றே துருத்தி நிற்கவேண்டும். பூத்துப்போய்க் குழிவிழுந்திருந்தால் ஆகாது. இரண்டாம் சோதனை செவுள். அதைத் தூக்கிப் பார்த்தால் செக்கச்செவேலென்று இருக்கவேண்டும். மூன்றாவது விரல். கட்டைவிரலால் சதையை அழுத்தினால், அழுத்திய இடம் உடனே மேலெழும்ப வேண்டும்; குழி அப்படியே நின்றால் மீன் பழையது. நான்காவது மூக்கு. கடல்மணம் வரலாம், நாற்றம் வரலாகாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், கொண்டுவந்தவர் நெருங்கிய உறவினராயினும் அத்தை விலை பேசமாட்டார்கள். "மீன் பொய் சொல்லாது, விற்கிறவன்தான் சொல்லுவான்" என்பது அவர்கள் வாக்கு.

இத்தகைய வீட்டிற்குள்தான் அந்த இரண்டு டப்பாக்களும் வந்து சேர்ந்தன. கப்பலில் பணிபுரியும் என் மூத்த மகன், மே மாத இறுதியில் விடுமுறைக்கு வந்தபோது, போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்தில் வாங்கியவை என்று சொல்லி அவற்றைப் பாட்டியின் மடியில் வைத்தான். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான டப்பாக்கள். மேலே நீலமும் மஞ்சளுமாய் ஒரு மீனின் படம். உள்ளே இருப்பது ஒலிவ எண்ணெயில் இட்ட மத்தி மீன் என்று விளக்கினான்.

அத்தை ஒரு டப்பாவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். காதருகே வைத்துக் குலுக்கினார்கள். பிறகு பேரனை நிமிர்ந்து நோக்கி, "ஏலே, இதுக்குச் செவுள் எங்கே இருக்கு?" என்று கேட்டார்கள்.

வீடே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பின்னரும் அந்தக் கேள்வி மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கண்ணும் செவுளும் காட்டாத, விரலுக்கும் மூக்கிற்கும் எட்டாத ஒரு மீனை எதை நம்பி உண்பது? நம் குடும்பங்களுக்குள் புட்டிகளிலும் பைகளிலும் டப்பாக்களிலும் அடைபட்ட உணவுகள் நாள்தோறும் வந்து குவிகின்ற இக்காலத்தில், அது ஒரு மூதாட்டியின் வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. ஒவ்வோர் இல்லத்தரசியும் கேட்கவேண்டிய கேள்வி.

அலமாரியில் இரண்டு வாரம்

அத்தை மறுத்துவிட்டதால் டப்பாக்கள் அலமாரி ஏறின. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். நாட்டுப்படகுகளில் வரும் சிறிதளவு மீனுக்குச் சந்தையில் விலை ஏறிநிற்கும். "மீன் இல்லாமல் இருக்கிறோம், வீட்டிலிருக்கும் மீனைத் திறக்கக் கூடாதா?" என்று பேரன் நாள்தோறும் கெஞ்சினான். "அது மீனா என்பதே எனக்கு இன்னும் தெரியாது" என்று பாட்டி விடை பகர்ந்தார்கள்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடவில்லை. அத்தையின் கேள்விக்கு விடை தேடி நூல்களைப் புரட்டலானேன். படித்தறிந்தவற்றை மாலை வேளைகளில் அவர்களுக்குக் கூறிவந்தேன். அவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறேன்.

மிட்டாய்க்காரர் கண்ட வழி

அடைத்த உணவின் தந்தை ஓர் அறிவியல் மேதை அல்லர். நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர் அவர், 1749இல் பிறந்தவர், பாரிஸ் நகரில் மிட்டாயும் இனிப்புப் பண்டங்களும் செய்து விற்றவர். உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, காற்றுப் புகாமல் தக்கையால் இறுக மூடி, அந்தப் புட்டியைக் கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்தால், அது பல மாதங்கள் கெடாமல் இருப்பதை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்துக் கண்டார். பிரெஞ்சு அரசு 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: தம் முறையை அவர் மறைக்காமல் நூலாக எழுதி உலகறியச் செய்யவேண்டும். அவரும் அவ்வாறே செய்தார்.

உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் வியப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் உலகிற்கு விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டிற்குப் பின்னர்தான். அடுப்படியில் நின்றவரின் அனுபவம் முந்திக்கொண்டது. ஆய்வுக்கூடத்தின் விளக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. இதைக் கேட்டபோது அத்தை, "எப்போதும் அப்படித்தானே!" என்றார்கள்.

அதே 1810ஆம் ஆண்டில், இலண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய இரும்பு டப்பாவைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1813இல் பிரையன் டான்கின் என்பவரின் தொழிற்சாலை ஆங்கிலேயப் படைகளுக்கு டப்பா உணவு வழங்கத் தொடங்கிற்று. டப்பா பிறந்துவிட்டது, அதைத் திறக்கும் கருவி மட்டும் பிறக்கவில்லை! உளியும் சுத்தியலும் கொண்டே அக்காலத்தார் அதை உடைத்தனர். டப்பா திறப்பானுக்கு இங்கிலாந்தில் வழி பிறந்தது 1855இல்தான். இன்று ஒரு வளையத்தை விரலால் இழுத்துத் திறந்துவிடுகிறோம்.

மீன் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1820களில். பிரான்சின் நாந்த் நகரில் ஜோசப் கோலேன் என்பவர் மத்தி மீனைப் பெருமளவில் டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். அவரும் ஒரு மிட்டாய்க்காரரே. அந்தத் தேவை நம் கரையார் நன்கறிந்த தேவைதான். மத்தி கூட்டங்கூட்டமாக வரும் மீன். வந்தால் கரையே வெள்ளியாய் மின்னும், வராவிட்டால் வலை வெறுங்கையாய்த் திரும்பும். நம் முன்னோர் மிகுந்ததை உப்பிட்டு மணலில் உலர்த்திக் கருவாடாக்கினர். அதற்கும் மிஞ்சியது தென்னைக்கு உரமாயிற்று. அவர்களோ எண்ணெயிலிட்டு டப்பாவில் அடைத்தனர். 1880களில் பிரிட்டனி என்னும் பிரெஞ்சுக் கடற்கரையில் மத்தி அரிதாகிப்போகவே, பிரெஞ்சு முதலாளிகள் போர்த்துகலின் செத்தூபல் துறைமுகத்தை நாடிச் சென்றனர். அந்தத் தொழில் அங்கு வேரூன்றியதன் பயனே எங்கள் அலமாரியில் அமர்ந்திருந்த டப்பாக்கள்.

கடலிலிருந்து நெடுந்தொலைவில் வாழ்ந்த ஐரோப்பியக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இந்த டப்பா பேருதவியாயிற்று. புலால் விலக்கும் வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் அவர்களின் மேசைக்கு எளிதில் எட்டிய மீன்களுள் இதுவும் ஒன்று.

அந்தோனியார் திருநாளன்று

மனம் இளகிய நாள் ஜூன் 13. கோடியற்புதரான புனித அந்தோனியாரின் திருநாள். காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் என் மகன் பாட்டியிடம் ஒரு செய்தி சொன்னான். "ஆச்சி, அந்தோனியார் எந்த ஊர் தெரியுமா? இந்த டப்பா வந்த லிஸ்பன் நகரம்தான் அவர் பிறந்த ஊர். நேற்று இரவு முழுவதும் அங்கே தெருத்தெருவாக அடுப்பு மூட்டி மத்தி மீன் சுட்டுத் தின்றிருப்பார்கள். அதுதான் அங்கே திருவிழாச் சாப்பாடு."

அவன் கூறியது உண்மையே. பதுவை நகரின் பெயரால் நாம் அழைக்கும் அப்புனிதர், 1195இல் லிஸ்பனில் பிறந்தவர். அவருடைய திருநாளுக்கு முந்திய இரவில் அந்நகரின் பழைய தெருக்களெல்லாம் மத்தி சுடும் புகையால் நிறைகின்றன. மனிதர் செவிகொடுக்க மறுத்தபோது ரிமினி நகர்க் கரையில் மீன்களுக்கு அவர் போதித்தார் என்னும் பழங்கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள்.

அத்தை சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. வாசற்படி ஏறியதும், "சரி, எடுத்துவா. அந்தோனியார் சாப்பிட்ட மீன்தானே, பார்ப்போம்" என்றார்கள். அந்தோனியார் காலத்தில் டப்பா ஏது என்று யாரும் குறுக்கிடவில்லை.

கட்டைவிரல் சொன்ன தீர்ப்பு

இரண்டு டப்பாக்களும் வந்தன. அத்தை தம் வழக்கப்படி கட்டைவிரலை முதல் டப்பாவின் மூடியில் வைத்து அழுத்தினார்கள். அது அசையவில்லை. இரண்டாவதை அழுத்தினார்கள். மூடி 'டக்'கென்று உள்ளே சென்றது. விரலை எடுத்ததும் 'டக்'கென்று வெளியே வந்தது. உற்று நோக்கினால் மூடி மெல்ல உப்பியிருந்தது. விளிம்பின் மடிப்பில் ஒரு நசுங்கல்.

"பெட்டியை இறக்கும்போது கீழே விழுந்ததில் நசுங்கியிருக்கும். உள்ளே ஒன்றும் ஆகியிராது. விலை உயர்ந்தது, வீணாக்க வேண்டாம்" என்றான் மகன். நன்றாகக் கொதிக்கவைத்துக் குழம்பாக்கிவிடலாம் என்று நானும் வாயெடுத்தேன். அத்தை அசையவில்லை. "அழுத்தின இடம் சரியா நிற்கலைன்னா அது மீன் இல்லை. குப்பையில போடு" என்றார்கள். கடலில் அழுத்தின விரல் டப்பாவிலும் சரியாகவே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் முழுப் பொருளையும் நான் பின்னர் படித்தறிந்தபோது என் உடல் ஒருகணம் சிலிர்த்தது.

காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு நுண்ணுயிர் உண்டு. அது மண்ணிலும் நீரடிச் சேற்றிலும் வித்து வடிவில் உறங்கிக் கிடக்கிறது. சாதாரணக் கொதிநீரின் 100 பாகை வெப்பத்தை அந்த வித்து நெடுநேரம் தாங்கிக்கொள்ளும். ஆகவேதான் தொழிற்சாலைகளில் மூடிய டப்பாக்களை அழுத்தக் கலத்தில் இட்டு, நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றே, நீராவியின் அழுத்தத்தால் வெப்பத்தை மேலும் உயர்த்துகின்றனர். டப்பாவின் நடுப்பகுதி 121 பாகையில் ஏறத்தாழ 3 நிமிடம் நின்றால் அவ்வித்துகள் அழியும் என்பது கணக்கு. அங்ஙனம் அழியாமல் எஞ்சினாலோ, விளிம்பு நசுங்கி ஊசிமுனை அளவு வழி ஏற்பட்டு வெளியிலிருந்து புகுந்தாலோ, டப்பாவின் காற்றற்ற இருள் அதற்குத் தக்க விளைநிலமாகிவிடுகிறது. அது உமிழும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். பார்வை இரட்டையாகத் தோன்றும், இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, முடிவில் மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துபோகும். மருத்துவர் இதனைப் பொட்டுலிசம் என்பர்.

1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டப்பாவில் வந்த சால்மன் மீனை உண்ட முதியவர் நால்வர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் இருவர் மாண்டனர். அந்த டப்பாவில் இருந்த நுண்ணிய துளையே காரணம் என்று கண்டனர். இத்தகைய நிகழ்ச்சிகள் மிக மிக அரியவை; கோடிக்கணக்கான டப்பாக்கள் ஊறின்றி உண்ணப்படுகின்றன. ஆயினும் உப்பிய டப்பாவின் முன்னால் சிக்கனம் பேசலாகாது. கொதிக்கவைத்தால் சரியாகும் என்று துணியவும் கூடாது. ருசிபார்த்து முடிவு செய்யவும் கூடாது. எல்லா உப்பலும் இந்நஞ்சால் வருவதன்று. ஆனால் எது எதனால் என்று அடுப்படியில் கண்டறிய நம்மிடம் கருவி இல்லை. நாங்கள் அந்த டப்பாவைத் திறக்காமலேயே, பூனையும் நாயும் கிளறாதபடி உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தினோம்.

முதற் கவளம்

மீதமிருந்த ஒன்றின் வளையத்தை மகன் இழுத்தான். எல்லோரும் மூக்கைச் சுளிக்க ஆயத்தமாக இருந்தோம். கருவாட்டு வீச்சம் எழும் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு. ஆனால் எழுந்தது எண்ணெயின் மென்மணம் மட்டுமே. பொன்னிற எண்ணெய்க்குள் ஐந்து மீன்கள், தலையும் குடலும் நீக்கப்பட்டு, ஒன்றின் தோளை ஒன்றின் வால் தொடும்படி மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருந்தன. தோலின் வெள்ளி நிறம் சற்றும் மங்கவில்லை.

அத்தை முதலில் முகர்ந்தார்கள். பின்னர் ஒரு துண்டை விரலால் பிட்டு, வேறெதுவும் கூட்டாமல், சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு வாயிலிட்டார்கள். நாங்கள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார்கள், நிறுத்தினார்கள், நாவால் துழாவினார்கள்.

"முள் எங்கே போச்சு?"

முள் எங்கும் போகவில்லை. அழுத்த வெப்பத்தில் வெந்து, நாவிலேயே கரையும்படி மென்மையாகிவிட்டது. பல் இல்லாதவரும் சிறு பிள்ளையும் அச்சமின்றி முள்ளோடு உண்ணலாம். இதுவே இவ்வுணவின் பெரும் பயன்களுள் ஒன்று. முள்ளோடு உண்ணும் டப்பா மத்தியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 380 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடைப் பாலில் இருப்பது ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். புரதமும், இதயத்திற்கு நலம் தரும் மீன் கொழுப்பும், வைட்டமின் டி, பி12 ஆகியவையும் இதில் நிறைந்துள்ளன. சிறிய மீனாதலால், பெரிய மீன்களின் உடலில் சேரும் பாதரச மாசும் இதில் குறைவு. ஆனால் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையவர்கள் அளவறிந்து உண்பது நன்று. ஊளைச்சதை குறைக்க முயல்வோர் எண்ணெயை வடித்துவிடலாம். கீல்வாத வகைகளுள் யூரிக் அமிலத்தால் வரும் வாதம் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

இரண்டாவது துண்டையும் உண்டபின் அத்தை தம் முடிவைக் கூறினார்கள்: "சாளைதான். ஆனால் கடலை மறந்துபோன சாளை."

இதைவிடப் பொருத்தமாக அறிவியலாரும் கூறியிருக்க முடியாது. ஐரோப்பியர் டப்பாவில் அடைப்பது சார்டினா பில்கார்டஸ் என்னும் இனம். நம் கரையில் சாளை என்றும் கேரளக் கரையில் மத்தி என்றும் வழங்குவது சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்னும் இனம். ஒரே குடும்பம், வேறு வேறு கிளை. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்று கொள்ளலாம். புது மீனின் துடிப்பான சுவை அதில் இல்லை. அதற்கு ஈடாக எண்ணெயில் ஊறிய ஒரு சாந்தமான சுவை உண்டு. பிரான்சில் நல்ல மத்தி டப்பாவை வாங்கி, அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி வைத்து, ஆண்டுக்கணக்கில் ஊறவிட்டு உண்பவர்களும் இருக்கின்றனர். நம் வீட்டு ஊறுகாய்ப் பானை நினைவிற்கு வருகிறதன்றோ?

எஞ்சிய மூன்று மீன்களையும் நம் முறைப்படி ஆக்கினோம். டப்பாவிலிருந்த எண்ணெயிலேயே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, இடித்த மிளகு சேர்த்து, இறக்குமுன் மீனை உதிர்த்துப் போட்டு ஒரே புரட்டு. இறக்கியபின் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. மீன் ஏற்கெனவே வெந்தது. மீண்டும் வேகவைத்தால் மாவாகிவிடும். உப்பும் அதிலேயே உண்டு; ருசிபார்த்த பின்னரே சேர்க்கவேண்டும். சுடுசோற்றுக்கும் ரொட்டிக்கும் இது இசைந்தது. ஐந்து பேருக்கு ஆளுக்கொரு கரண்டிதான் கிடைத்தது. ஆயினும் தட்டுகள் துடைத்தாற்போல் ஆயின.

அடுக்கிய கைகள்

உண்டு முடித்தபின் அத்தை காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு நேர்த்தியாய் யார் அடுக்கினது? எந்திரமா?" என்று கேட்டார்கள். பல தொழிற்சாலைகளில் இன்றும் இதைக் கைகளே செய்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அப்போது நான் படித்தறிந்த ஒரு வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன்.

பிரிட்டனிக் கரையில் துவார்னெனே என்றோர் ஊர். ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் மத்தித் தொழிற்சாலைகளில் உழைத்தனர். அவர்கள் அணிந்த வெள்ளைத் தலைத்துணியோடு சேர்த்து, 'மத்தித் தலை' என்று பொருள்படும் 'பென் சார்டின்' என்னும் பெயரால் அவர்களை அழைத்தனர். மீன் வந்து இறங்கினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் வேலை. உறக்கம் மேலிடாதிருக்கப் பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே மீனை அடுக்குவார்களாம். ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை மாற்றி, மணிக்கணக்கில் கூலி வேண்டுமென்று 1905இல் போராடி வென்றனர். 1924இல் அந்தக் கூலி மணிக்கு 80 சந்தீம், அதாவது ஒரு பிராங்கிலும் குறைவு. அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் வேலையை நிறுத்தினர். ஆறு வாரங்களுக்கு மேல் பட்டினியும் குளிரும் தாங்கி, 1925 ஜனவரியில் மணிக்கு ஒரு பிராங்க் கூலியைப் பெற்றனர். அவர்களுள் ஒருவரான ஜோசபீன் பாங்கலே என்னும் கைம்பெண், அதே ஆண்டு நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் அது. ஆதலின் அவரது தேர்தலை அரசு செல்லாததாக்கிவிட்டது.

அத்தை நெடுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானும் பாடிக்கொண்டேதான் பெட்டியைச் சுமந்தேன். பாடாவிட்டால் கழுத்து வலி தெரியும்" என்றார்கள். கணவரைக் கடலில் இழந்தபின் ஐந்து பிள்ளைகளை வளர்த்த கழுத்து அது. திருமணமாகி வந்து இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் முறை. ஒரு சிறிய டப்பா திறந்ததில் எங்கள் வீட்டில் வேறொன்றும் திறந்தது.

டப்பாவிற்கும் நான்கு சோதனை

அத்தையின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். டப்பா மீனுக்கும் செவுள் உண்டு. நாம்தாம் அதைக் காணக் கற்கவேண்டும்.

கண்: டப்பாவைச் சுற்றிலும் பாருங்கள். துருவோ, எண்ணெய்க் கசிவோ, விளிம்பு மடிப்பில் நசுங்கலோ இருந்தால் வாங்காதீர்கள்.

செவுள்: அச்சிட்ட எழுத்துகளே டப்பாவின் செவுள். ஆக்கிய நாள், பயன்படுத்தத் தக்க இறுதி நாள், உள்ளிருக்கும் மீன், எண்ணெய், உப்பின் அளவு, ஆக்கியவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி ஆகியவற்றைப் படியுங்கள். இவை இல்லாத, அல்லது அழிக்கப்பட்ட டப்பாவை எவ்வளவு மலிவாயினும் தொடாதீர்கள்.

விரல்: மூடியை அழுத்துங்கள். உப்பியிருந்தாலும், உள்ளும் புறமும் சென்றுவந்தாலும் விலக்குங்கள்.

மூக்கு: திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டாலும், நாற்றம் வந்தாலும், நுரைத்திருந்தாலும் நாவில் வைக்காமல் எறிந்துவிடுங்கள்.

திறந்தபின் எஞ்சியதைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்திற்கு மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டொரு நாளில் உண்டு முடிக்கவேண்டும். புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பைத் திறந்த டப்பாவிலேயே விட்டுவைக்கலாகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. மத்தி, அயிலை, சூரை முதலிய மீன்களைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாமல் வெயிலில் கிடத்தினால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகுகிறது. அதை உண்டால் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் தடிக்கும். எந்த வெப்பமும் அதனை அழிக்காது. அழுத்தக் கலத்தின் வெப்பமும் அழிக்காது. நுண்ணுயிரைக் கொல்லும் தீயால் கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்க முடிவதில்லை. ஆகவே டப்பாவிற்குள் நல்ல மீன் இருக்கவேண்டுமாயின், கரையில் யாரோ ஒருவர் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். அத்தையைப் போன்ற ஒருவர் அங்கும் இருந்திருக்கிறார் என்னும் நம்பிக்கையில்தான் நாம் டப்பாவைத் திறக்கிறோம்.

இலங்கைத் தமிழர் இல்லங்களில் டின்மீன் குழம்பு பன்னெடுங்காலமாகப் பழகிய உணவு. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன்குழம்பையே வெப்பந்தாங்கும் பைகளில் அடைத்து வைக்கும் முறையை உருவாக்கியுள்ளது. வருங்காலத்தில் நம் பிள்ளைகள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைவிட மூடியை அழுத்திப் பார்ப்பதே மிகுதியாகலாம். இரண்டையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

விடுமுறை முடிந்து என் மகன் புறப்பட்ட நாளில், பாட்டியின் காலைத் தொட்டு ஆசி பெற்றான். அவன் நெற்றியில் சிலுவை வரைந்தபின் அத்தை அவன் கையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொன்னார்கள்: "அடுத்த தடவை டப்பாவைப் பெட்டியின் ஓரத்தில் வைக்காதே. நடுவில், துணிக்குள்ளே சுற்றி வை."